மேல் போல்ட்டில் மறுபடி கை வைப்பதற்கு முன்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதிலிருந்து என் நினைவெல்லாம் உன் காரின் பின்சக்கரத்து மேல் போல்ட்டிலேயே இருக்கிறது. பிரேக் டிஸ்க்கை மாற்றுவதற்காக, அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றத் தொடங்கினாய்; கீழ் போல்ட் வந்துவிட்டது; மேல் போல்ட் அசையவில்லை; ஸ்பேனரின் பிடியில் குழாயைச் செருகி இழுத்தபோது அது வழுக்கி, தலையின் முனைகள் மழுங்கிவிட்டன. அத்துடன் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டதாகச் சொன்னாய். நீ செய்தவற்றுள் மிகச் சரியானது அதுதான். இன்னொரு முறை இழுத்துப் பார்ப்போம் என்று ஆத்திரத்தில் இழுத்திருந்தால், இந்தக் கடிதத்தில் பாதிக்கு மேல் உனக்குப் பயன்படாமல் போயிருக்கும். தலையில் இன்னும் எவ்வளவு இரும்பு சிதையாமல் இருக்கிறதோ அதுவே நம் கையிருப்பு. ஒவ்வொரு முறை ஸ்பேனர் வழுக்கும்போதும் அதில் கொஞ்சம் சுரண்டப்பட்டுவிடுகிறது. ஆகவே தலைக்குச் சேதம் தராத வழிகள் அனைத்தையும் முடித்த பிறகே தலையைத் தொட வேண்டும்.

வண்டி எப்படி நிற்கிறது என்று நான் கேட்க மறந்துவிட்டேன். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கிறது என்றால், இதை மேலே படிப்பதற்கு முன் போய்ச் சமதளமான கெட்டித் தரையில் ஸ்டாண்ட் வைத்து அதன்மேல் இறக்கிவிட்டு வா. இறுகிய போல்ட்டைக் கழற்றுபவர் தன் உடல் எடை முழுவதையும் போட்டு இழுக்கிறார். அந்த இழுப்பு வண்டியையே பக்கவாட்டில் ஆட்டிவிடும். பின்பக்க டிஸ்க் வேலை என்பதால் கை பிரேக்கையும் விடுவித்திருப்பாய். எனவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்திருக்க வேண்டும். கழற்றிய கேலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வை.

இனி, அது ஏன் வரவில்லை என்று பார்ப்போம். ஒரு போல்ட்டை முறுக்கும்போது நாம் செலுத்தும் விசையில் 100க்கு ஏறக்குறைய 50 பங்கு தலையின் அடிப்பாகம் உரசுவதிலும், 40 பங்கு மரைகள் ஒன்றோடொன்று உரசுவதிலும் போய்விடுகிறது. பாகங்களைச் சேர்த்து அழுத்திப் பிடிப்பதற்கு மிஞ்சுவது 10 பங்குதான். மாசு மருவற்ற புதிய போல்ட்டுக்கே கணக்கு இப்படி. சாலை நீரும் சேறும் பிரேக்கின் சூடும் ஆண்டுக்கணக்கில் பட்டபின், மரைகளுக்கு இடையே துரு ஏறுகிறது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. மரைகளுக்கு இடையே இருப்பதோ மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் ஊதிப் பெருத்த துரு ஆப்பு அடித்ததுபோல் இரு பக்கமும் நெருக்குகிறது. போதாக்குறைக்கு, பல தயாரிப்பாளர்கள் இந்த போல்ட்டின் மரையில் கழன்றுவிடாமல் பிடிக்கும் பசையையும் தடவியே பொருத்துகிறார்கள். உன் கையில் பலம் இல்லை என்று நினைத்து வருந்தாதே. அந்த போல்ட்டைப் பிடித்து நிறுத்தியிருப்பவை பல.

கீழே கிடக்கும் போல்ட்டை எடுத்து, அது எந்தத் துளை வழியாகப் போய் எங்கே மரையேறியிருந்தது என்று பார். பல கார்களில் இது பின்பக்கத்திலிருந்து, சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளின் மரையில்லாத துளை வழியாக நுழைந்து பிராக்கெட்டில் உள்ள மரையில் ஏறுகிறது. உன் வண்டியிலும் அப்படித்தான் என்றால், தலையின் மேல் மட்டும் எண்ணெய் அடித்துக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. மரை இருப்பது மறுமுனையில். பிராக்கெட்டின் துளை மறுபக்கம் திறந்திருந்தால் போல்ட்டின் நுனி அங்கே தெரியும். அந்த நுனியைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்து, மண்ணும் செதில் துருவும் உதிர்ந்த பிறகு, அங்கேயும் தலையின் அடிப்பாகத்திலும் துருநீக்கி எண்ணெயை அடி. அதற்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெய் இருந்தால் அதைப் பயன்படுத்து. எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 என்பது 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது; ஒன்றும் இல்லாததற்கு அதுவும் உதவும், ஆனால் இந்த வேலைக்கென்று செய்தது இதைவிட ஆழமாக இறங்கும். புதிய டிஸ்க்கும் பிரேக் பேடும் இந்தப் பக்கமே வராமல் இருக்கட்டும். எண்ணெய் பட்ட பேடை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

எண்ணெய் நுண்ணிய இடுக்குகளில் தானாக ஊர்ந்து ஏறும். அதற்குக் காலம் வேண்டும். அடித்த ஐந்தாவது நிமிடத்தில் ஸ்பேனரை மாட்டுபவர்கள்தான் எண்ணெயால் ஒன்றும் நடக்காது என்று சொல்வார்கள். இன்று மாலை ஒரு முறை, படுக்கப் போகுமுன் ஒரு முறை, காலையில் எழுந்து ஒரு முறை அடி. ஒவ்வொரு முறையும் அடித்தபின், தலையின் நடுவில் ஒரு இரும்புத் தண்டை நேராக வைத்துச் சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு தட்டு. தட்டு போல்ட்டின் நீளவாக்கில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் மிச்சமிருக்கும் முனைகளும் போய்விடும். அந்த அதிர்வில் துரு நொறுங்குகிறது, நொறுங்கிய இடத்தில் எண்ணெய் இறங்குகிறது. தலையைச் சுற்றிச் செந்நிறத் தூளாக இருந்தது மெல்லக் கறுத்து, எண்ணெய் ஒரு மெல்லிய வளையமாக உள்ளே இழுபடுவதை விளக்கு வெளிச்சத்தில் உன்னால் பார்க்க முடியும். அதைப் பார்த்துவிட்டால் எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

அடுத்தது ஸ்பேனர். நீ மாட்டியது பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் என்று உன் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். எடுத்து அதன் உட்புறத்தைப் பார். உன் போல்ட்டிலிருந்து சீவப்பட்ட பளபளப்பான இரும்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். பன்னிரண்டு முனை ஸ்பேனர் இடுக்கான இடத்தில் மாட்டுவதற்கு வசதியானது. ஆனால் அது போல்ட்டின் தலையை மூலைகளுக்கு அருகிலேயே பிடிக்கிறது, அழுத்தம் முழுவதும் அங்கேயே குவிகிறது. ஆறு முனை சாக்கெட் மட்டமான பக்கங்களை அகலமாகப் பிடிக்கும். இறுகிய போல்ட்டில் முதல் இழுப்பிலிருந்தே ஆறு முனைதான் போட வேண்டும். இதை நான் உனக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அளவையும் உறுதிசெய்துகொள். 17 மில்லிமீட்டர் தலையில் 11/16 அங்குலச் சாக்கெட்டும் ஏறிவிடும். அதன் அளவு 17.46 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தத் தளர்ச்சியே முனைகளைத் தின்றுவிடப் போதுமானது. சாக்கெட்டை மாட்டுவதற்கு முன் தலையின் பக்கங்களில் உள்ள துருவைச் சுரண்டிவிட்டுச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்கு. பாதி ஏறிய சாக்கெட்டும் தளர்ந்த சாக்கெட்டைப் போலவே வழுக்கும்.

பின்பக்கம் படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது இடது வலது குழம்பிவிடும். போல்ட்டின் தலைக்கு நேராக உன் முகம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அங்கிருந்து இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். சந்தேகமாக இருந்தால் கீழ் போல்ட் எந்தப் பக்கம் கழன்றது என்பதை வைத்து முடிவு செய். கழற்றும் திசையில் இழுப்பதற்கு முன் இறுக்கும் திசையில் ஒரு சிறு அழுத்தம் கொடுத்துப் பார். துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தாலும் நமக்கு லாபம்தான். சாக்கெட்டில் மாட்டும் நீளமான கைப்பிடியான பிரேக்கர் பார் அரை மீட்டர் நீளம் இருந்து, அதன் முனையில் 30 கிலோ பாரம் கொடுத்தால் ஏறக்குறைய 150 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். கால் மீட்டர் ஸ்பேனரில் அதே பாரம் அதில் பாதிதான் தரும். ஆகவே நீளமான பிடி, சீரான இழுப்பு. வெட்டி வெட்டி இழுக்காதே. உன்னை நோக்கி இழு. தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளங்கையை விரித்து வைத்துத் தள்ளு. மூடிய கையால் தள்ளி, வழுக்கியபோது விரல் முட்டிகளை இரும்பில் உரித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

இழுக்கும்போது காதையும் கையையும் கூர்மையாக வைத்திரு. நல்லபடியாகக் கழலும் போல்ட் துப்பாக்கி வெடித்ததுபோல் ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். பிறகு ஒவ்வொரு கால் சுற்றுக்கும் முனகிக்கொண்டே வரும். அந்தச் சத்தம் கேட்டால் அவசரப்படாமல், கொஞ்சம் கழற்றி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் மறுபடி இறுக்கி, மீண்டும் கழற்று. அப்படியில்லாமல், எந்தச் சத்தமும் இன்றி ரப்பரை முறுக்குவதுபோல் மெத்தென்று திரும்பினால் உடனே கையை எடுத்துவிடு. தலை மழுங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது போல்ட்டின் கழுத்து முறுகிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

ஆறு முனை சாக்கெட்டும் வழுக்கிவிட்டால் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் வாங்கிக்கொள். அதன் உட்புறத்தில் சுருள் சுருளான பற்கள் இருக்கும்; மழுங்கிய தலையின் மேல் சுத்தியலால் அடித்து ஏற்றிவிட்டு இடஞ்சுழியாகத் திருப்பினால், திருப்பத் திருப்பப் பற்கள் இன்னும் ஆழமாகக் கடிக்கும். உன் நிலைமைக்கு நான் மிகவும் நம்புவது இதைத்தான். அது கிடைக்காவிட்டால் அடி தாங்கும்படி செய்த 16 மில்லிமீட்டர் இம்பாக்ட் சாக்கெட்டை அடித்து ஏற்றலாம். தலையின் மூலைகளை அரத்தால் லேசாகச் சீவிக்கொடுத்தால் ஏறும். பளபளக்கும் குரோம் சாக்கெட்டை இப்படி அடிக்காதே, அது தெறித்து உடையக்கூடும். எதை அடித்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு அடி. கவ்விப் பூட்டிக்கொள்ளும் இடுக்கியான வைஸ் கிரிப் இங்கே வேண்டாம். அதன் வாயைத் திறந்து மாட்டுவதற்கு அந்த இடுக்கில் இடம் இருக்காது, அரைகுறையாகப் பிடித்தால் மிச்சத்தையும் சீவிவிடும்.

சூடாக்கினால் வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது உண்மைதான், வலுவான மரைப்பசை 250 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இளகும், சூட்டில் விரியும் இரும்பு துருவின் பிடியையும் உடைக்கும். ஆனால் இந்த இடத்தில் நீ நெருப்பைக் கொண்டு வரக் கூடாது என்பது என் கண்டிப்பான வேண்டுகோள். ஒரு சாண் தொலைவிற்குள் பிரேக் ஹோஸ், ரப்பர் உறைகள், ஏபிஎஸ் சென்சாரின் ஒயர், தீப்பற்றக்கூடிய பிரேக் ஆயில் எல்லாம் இருக்கின்றன. அதற்குள் நீ பல முறை எண்ணெயை வேறு அடித்திருப்பாய். பிரேக் கிளீனர்களில் சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. அது பட்ட இரும்பைச் சூடாக்கினால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும், அதைச் சிறிதளவு சுவாசிப்பதும் உயிருக்கு ஆபத்து. சூடுதான் தேவை என்ற நிலை வந்தால், நெருப்பில்லாமல் சுருள் கம்பியால் போல்ட்டை மட்டும் சூடாக்கும் இண்டக்ஷன் கருவி உள்ள பட்டறையில் கொடுத்துவிடு.

எல்லாம் போய்த் தலையே உடைந்துவிட்டாலும் இடிந்துபோய் உட்காராதே. தலை போனதும் போல்ட்டின் இழுவிசை விட்டுப்போகிறது. போல்ட் பிராக்கெட்டில் மரையேறும் அமைப்பாக இருந்தால், தண்டோடு பிராக்கெட் தனியாக வெளியே வந்துவிடும். அதை மேசையில் வைஸில் பிடித்து நிம்மதியாக வேலை செய்யலாம், மரை கெட்டுப்போனால் வேறு பிராக்கெட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதே. தண்டில் துளை போட்டு முறுக்கி எடுக்கும் மெல்லிய எக்ஸ்ட்ராக்டரை வலுவாகத் திருப்பாதே. உன் வயதில் நான், புகைக்குழாயை எஞ்சினோடு பிணைக்கும் தலையில்லாத போல்ட்டான ஒரு எக்ஸாஸ்ட் ஸ்டட்டில் அதைச் செய்தேன். அந்த எக்ஸ்ட்ராக்டர் கடினமாக்கப்பட்ட இரும்பு என்பதால் வளையவே இல்லை. கண்ணாடிக்குச்சி போல் துளைக்குள்ளேயே உடைந்தது. அதன்மேல் எந்த ட்ரில் பிட்டும் ஏறவில்லை, வழுக்கி வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தைத்தான் தோண்டியது. ஒரு ஸ்டட்டுக்காக சிலிண்டர் ஹெட்டையே இறக்கிப் பட்டறைக்குக் கொண்டு போனேன். இடஞ்சுழியாக வெட்டும் ட்ரில் பிட் கிடைத்தால் அதை வாங்கு. துளை போடும் விசையிலேயே பல நேரம் தண்டு கழன்று வந்துவிடும்.

போல்ட் வந்த பிறகு பழையதைத் திரும்பப் போடாதே. கீழ் போல்ட்டையும் சேர்த்து இரண்டையும் புதிதாக மாற்று. தலையில் 10.9 என்று பொறித்திருந்தால் அது 1000 மெகாபாஸ்கல் இழுவலிமை கொண்டது. அதே எண், அதே நீளம், அதே மரை அளவுள்ள போல்ட்தான் வேண்டும். மரையைக் கம்பித் தூரிகையாலும், மரை வெட்டும் கருவியான பொருத்தமான டேப்பாலும் சுத்தம் செய்து, போல்ட்டைக் கையாலேயே கடைசிவரை ஏற்றிப் பார். பிறகு வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கு. மரைப்பசை தடவச் சொல்லியிருந்தால் தடவு. துரு பிடிக்காதிருக்க உதவும் பசையை உன் விருப்பத்துக்குத் தடவாதே. அது உராய்வைக் குறைத்துவிடும், அதே முறுக்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

மறுபக்கச் சக்கரத்திலும் இதே இரண்டு போல்ட்டுகள் இதே வயதில் இருக்கின்றன. இன்று மாலை இதற்கு எண்ணெய் அடிக்கும்போதே அவற்றின் நுனிக்கும் அடித்துவிடு. கழற்றிய பழைய போல்ட்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு துணியில் சுற்றி வை. துரு தலைக்கு அடியில் அதிகமா, மரையின் நுனியில் அதிகமா என்று பார்த்து எனக்கு எழுது. அந்தப் பக்கத்து போல்ட்டுகளை எங்கிருந்து தொடங்குவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா