கறுக்கும் இழை

அன்புள்ள சந்துரு,

நலம். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று ராஜி சொன்னாள்; மகிழ்ச்சி. இத்தனை நாள் எழுதாததற்குச் சாக்கு சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நாயுடு மெஸ் சாம்பார்க் கதையைப் போல நீ நம்பப்போவதுமில்லை.

ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் தங்கள் துகள்முடுக்கிச் சுரங்கங்களில் கதிர்வீச்சை அளக்க ஒளியிழையையே கருவியாக்கியிருப்பதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறெதிலும் மனம் ஓடவில்லை. கேபிளில் ஒளி கால் டெசிபெல் கூடுதலாகக் குறைந்தாலே ஸ்ப்ளைஸை, அதாவது இழைகளை ஒட்டிய இடத்தை, வெட்டி மறுபடி ஒட்டச் சொல்லி ஆட்களின் உயிரை வாங்குபவன் நான். அவர்களோ கதிர் பட்டால் எளிதில் மங்கிப்போகும் இழையைத் தேடிப் பிடித்துப் பதித்திருக்கிறார்கள்.

ஒளி செல்லும் உள்ளகத்தில் பாஸ்பரஸ் கலந்த சிலிக்கா இழை அது. கதிர்வீச்சு பட்டதும் பாஸ்பரஸை ஒட்டி உண்டாகும் நுண்குறைகள் 1,550 நானோமீட்டர் ஒளியை விழுங்குகின்றன. நாம் பதிக்கும் இழையில் அந்த அலைநீளத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல்தான் குறையும். இதிலோ ஒவ்வொரு கிரே (உள்வாங்கிய கதிர்வீச்சின் அலகு) டோஸுக்கும் கிலோமீட்டருக்குச் சுமார் 4 டெசிபெல் கூடுகிறது. ஏறத்தாழ 500 கிரே வரை அந்தக் கணக்கு நேர்கோட்டில் போகிறது என்பதும், பட்ட காயம் அறை வெப்பநிலையில் எளிதில் ஆறுவதில்லை என்பதும்தான் இதன் சிறப்பு. மற்றபடி கேபிளைச் சோதிக்கும் நம் பழைய ஓ.டி.டி.ஆர். கருவி போதும்: ஒளித் துடிப்பை அனுப்பிச் சிதறித் திரும்பும் ஒளியின் நேரத்தைப் பார்த்தால், எந்த மீட்டரில் எவ்வளவு டோஸ் என்பது ஒரே வரைகோட்டில் தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கொருமுறை உடம்பில் பட்ட கதிர்வீச்சைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் உனக்குப் பொறாமையாக இல்லையா? (பேட்ஜ் காட்டும் மில்லிசீவர்ட் அளவிலான சிறு டோஸைச் சில மீட்டர் இழையால் காண முடியாது, சண்டைக்கு வராதே. 2021-இல் விண்வெளி நிலையத்துக்குப் போன லூமினா கருவியில், அங்கே டோஸ் குறைவென்பதால், கிலோமீட்டர் கணக்கில் இழையைச் சுருட்டி வைத்தார்கள்.)

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. ஓரிடத்தில் மட்டும் 500 கிரே விழுந்தால் அங்கே மீட்டருக்கு 2 டெசிபெல் போய்விடும். அப்படிச் சில மீட்டர் இருந்தாலே ஒளி அடங்கி, அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. மறுமுனையிலிருந்தும் அளக்கலாம்தான், என்றாலும் அத்தகைய இரண்டு இடங்கள் இருந்துவிட்டால் நடுவில் உள்ளதை யார் பார்ப்பது? எங்கே அளவு அதிகமாகத் தேவையோ அங்கேயே கருவி குருடாகிறது. இழையை மாற்றிக்கொண்டே இருப்பதைத் தவிர எனக்கு வழி தோன்றவில்லை. உனக்குத் தோன்றினால் எழுது.

இனி விண்ணப்பம். உன் லினாக்கில் (கதிர்சிகிச்சை முடுக்கியில்) ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கிடைக்குமா? நூறு மீட்டர் இழையைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுருட்டி எடுத்து வருகிறேன். நீரைப் போலக் கதிரை உள்வாங்கும் சாலிட் வாட்டர் பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே வைத்து நீ 10 கிரே கொடுத்தால், கணக்குப்படி 4 டெசிபெல் குறைய வேண்டும். டோஸை உன் ஃபார்மர் சேம்பர் (கதிர்வீச்சு அளவி) அளந்து சொல்லட்டும். அனுமதிக் கடிதத்தில் யார் பெயருக்கு எழுத வேண்டும் என்பதை மட்டும் உடனே தெரிவி. சீனு சாரிடம் இப்போதைக்கு மூச்சுவிடாதே, அவர் வந்தால் வேலை நடக்காது.

அன்புடன்,
சிவா