பிளாஸ்டிக்கில் என்ன கலந்திருக்கிறது? சுற்றாடல், நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

மட்டக்குளியில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு வெறுங்காணி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே பழைய கரண்ட் வயர்களைக் குவித்து எரிக்கிறார்கள். உறை கருகிப் போனதும் உள்ளே இருக்கும் செம்பை எடுத்து விற்பார்கள். கொழும்பில் இப்படி எத்தனை இடம் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். எரிப்பவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அன்றாடச் செலவுக்கு அலைகிற பிள்ளைகள், எங்களுக்கு முன்பே அந்தப் புகையைக் குடிக்கிறவர்கள்.

போன மாதம் ஒருநாள் விடாத மழை. காணியின் சாம்பல் கரைந்து எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டது. கொடியில் இருந்த உடுப்பை எடுக்க ஓடினேன். திரும்பினால், மூன்று வயது மகன் கறுப்புச் சேற்றைக் கை நிறைய அள்ளி வைத்துக்கொண்டு நிற்கிறான். வாயைச் சுற்றியும் கறுப்பு.

மறுநாளே ஒரு கந்தோருக்குப் போனேன். அவர்கள் இன்னொரு இடத்தைக் காட்டினார்கள். அப்புறம் மூன்றாவது இடம். அங்கே ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டார், அதற்கு அவருக்கு நன்றி. கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாம்பலில் ஈயம் இருக்கும் என்கிறீர்கள், சரி. ஆய்வுகூட அறிக்கை கொண்டு வாங்க, பார்ப்போம்."

விசாரித்தேன். பிள்ளையின் இரத்தத்தைப் பார்க்க ஒரு கட்டணம், சாம்பலைப் பார்க்க இன்னொன்று. இரண்டையும் கூட்டினால் என் தையல் வருமானத்தில் அரை மாதம் போய்விடும். இரத்தத்தை மட்டும் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். சாம்பல் ஒரு ஜாம் போத்தலில், அவன் கைக்கு எட்டாதபடி அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

அந்தச் சாம்பலில் என்ன இருக்கிறது என்று நான் ஏன் நிரூபிக்க வேண்டும்? அந்த வயரைச் செய்தவருக்கும் இறக்குமதி செய்தவருக்கும் அல்லவா அது தெரிந்திருக்க வேண்டும்?

வயர் உறை பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அது சூடானால் சிதைந்து அமிலத்தை விடும். அதைத் தடுக்க, மலிவு என்பதால் ஈய உப்புகளைக் கலப்பது நீண்டகால வழக்கம். பளிச்சென்ற மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களுக்குக் கட்மியம் என்ற உலோகமும், ஈயம் உள்ள ஈயக் குரோமேற்றும். டிவி, கணினி உறைகள் இலகுவில் தீப்பிடிக்காமல் இருக்க அந்திமனி. இவை பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் பிறந்தவை அல்ல, மாவில் உப்புக் கலந்ததுபோலக் கலந்தவை. பிளாஸ்டிக் வெயிலில் வெடித்துத் தூளாகும்போது அவையும் மண்ணுக்கு வரும். எரித்தால் பிளாஸ்டிக் போய்விடும், உலோகம் அழியாது. சாம்பலில் தங்கும், புகைத்தூசியோடு பறக்கும்.

பக்கத்து வீட்டு அம்மா, "ஈயம் பூசின சட்டியில சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். சட்டிக்குப் பூசியது வெள்ளீயம், அது வேறு உலோகம். நான் பயப்படுவது காரீயத்துக்கு, இங்கே ஈயம் என்று நான் எழுதுவது அதைத்தான். பிள்ளைகளின் மூளையைத் தாக்குவது அது. அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார அமைப்பே சொல்கிறது.

ஐரோப்பாவில் பிவிசித் தொழில்துறையினர் 2015 முடிவோடு இந்த ஈய உப்புகளைத் தாங்களாகவே விட்டார்கள். அங்கே 2024 நவம்பர் முதல், இறக்குமதியாகும் பிவிசிப் பொருளிலும் ஈயம் 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, சில விலக்குகள் தவிர. இந்தியா 2021 இல் பிவிசிக் குழாய்களில் கலக்கும் ஈயத்துக்கு விதி செய்தது. வண்ணப்பூச்சில் ஈயத்துக்கு நம் நாட்டிலும் 2013 முதல் வரம்பு இருக்கிறது. அதைச் செய்த உங்களால் இதையும் செய்ய முடியும்.

ஆகவே கேட்கிறேன்: பிளாஸ்டிக் பொருளில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்பதை விற்பவரே எழுதித் தர வேண்டும் என்று ஆக்குங்கள். முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. உள்ளே கலந்ததைச் சொல்வதில்லை.

2021 இல் கொழும்புக்கு அருகே கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்து, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதோடு போயின. எரிந்த பிளாஸ்டிக் கரைக்கு வந்தால் என்னவாகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கப்பல் என்றால் உலகமே பார்க்கிறது. ஒழுங்கை முனையில் எரிவதைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. இதற்கு முன் நான் எழுதிய கடிதத்துக்கு வந்த ஒரே பதிலும் சிங்களத்தில் மட்டும்தான் இருந்தது, வாசிக்க வைக்க இன்னொரு வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. தமிழில் எழுதினால் தமிழில் பதில் என்பது இந்த நாட்டின் சட்டம். சரி, அது வேறு வழக்கு, அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

கோபத்தில் ஏதும் கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து, கலந்ததைச் சொல்லும் பொறுப்பை விற்பவரிடம் கொடுங்கள். அதுவரைக்கும் எங்கள் காணிக்கு ஒருவரை அனுப்பி அந்த மண்ணைப் பரிசோதியுங்கள். செம்பை எரிக்காமல் உரித்தெடுக்க அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழி செய்யுங்கள். வருகிறவர் கேட்டால் ஜாம் போத்தலைக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மட்டக்குளியில் இருந்து ஒரு தாய்