2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, சிலாங்கூர் காற்பந்து அணியின் ரசிகப் பெருமக்களே, வணக்கம்.

சந்தா விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். நம் அணியின் சொந்த அரங்கமான ஷா ஆலாம் அரங்கம் இல்லாத நிலையில், இவ்வாண்டும் பெட்டாலிங் ஜெயா அரங்கத்துக்குத்தான் போய் வந்தோம். கார் நிறுத்த இடம் தேடிய கதையை இங்கே விரிக்கவில்லை.

மாதக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் கடைசியாக 'இதர விஷயங்கள்' என்று ஒரு வரி போடுவது வழக்கம். உணவகத்துக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கும் வரை நம்மை உட்கார வைத்தது அந்த ஒரு வரிதான். அதில் எழுந்த விவாதம் ஒன்றே: சிறந்தவர்கள் அன்றைய ஆட்டக்காரர்களா, இன்றைய ஆட்டக்காரர்களா?

மூத்தவர்கள் வழக்கம்போல் எழுபதுகளின் சிலாங்கூர் தாக்குதல் ஆட்டக்காரர் மொக்தார் டஹாரியில் தொடங்கினார்கள். நாட்டுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. 1978இல் இங்கிலாந்து 'பி' அணிக்கு எதிராக அவர் அடித்த கோலை நேரில் பார்த்ததாகச் சொல்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள். மெர்டேக்கா அரங்கம் அத்தனை பேரைத் தாங்கியிருக்குமா என்று கேட்ட இளைஞருக்குப் பதில் கிடைக்கவில்லை.

அந்த இளைஞர் கைப்பேசியை மேசை நடுவில் வைத்தார். 2024 ஜனவரி, ஆசியக் கிண்ணம், தென் கொரியாவுக்கு எதிரான ஆட்டம். கொரியாவின் நட்சத்திரத் தற்காப்பு ஆட்டக்காரர் கிம் மின்-ஜே இருந்த தற்காப்பையே ஏமாற்றி நம் சிலாங்கூர் ஆட்டக்காரர் பைசால் ஹலிம் மலேசியாவுக்காகக் கோல் போடுகிறார். ஆட்டம் 3-3 என முடிந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அந்தக் கூட்டத்தில் எட்டிய ஒரே உடன்பாடு அதுதான்.

மே 5ஆம் தேதி பைசால் மீது அமிலம் வீசப்பட்ட செய்தி வந்தபின் சில வாரங்களுக்கு விவாதமே எழவில்லை. அதே மாதம் ஜொகூர் அணியுடனான, பருவத்தைத் தொடங்கிவைக்கும் சும்பாங்சே கிண்ண ஆட்டத்திலிருந்து அணி விலகியது சரியே என்று ஒருமனதாகப் பதிவு செய்தோம். அவர் மீண்டும் களமிறங்கியதும் சண்டையும் திரும்பியது. எனக்கு அதில் மகிழ்ச்சியே.

என் கருத்தையும் பதிவு செய்கிறேன். தாக்குதல் ஆட்டக்காரர்களை ஒப்பிட்டே நேரத்தைக் கழிக்கிறோம். நம்மை உறுத்த வேண்டியது வேறு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நாட்டுக்குத் தலைமை தாங்கிய எம். சந்திரன் சிலாங்கூர்க்காரர். 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் சிலாங்கூரின் கோல் காவலர். 2010இல் பயிற்றுநராகத் தென்கிழக்காசிய வெற்றியாளர் பட்டத்தை வென்று தந்த கே. ராஜகோபாலும் இதே சட்டையை அணிந்தவர்தான். நம் இந்திய ஆட்டக்காரர்களின் அந்த வரிசை ஏன் இப்படி மெலிந்தது? தோட்டங்களோடு தோட்டத்துத் திடல்களும் போயின என்றார் ஓர் உறுப்பினர். அது பாதிக் காரணம். பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிட்டுத் திடலுக்கு அனுப்பாத நாமும் பாதி. ஆறுமுகம் 1988இல் விபத்தில் போய்விட்டார். அவர் நீண்ட கைகளை உயர்த்திப் பந்தைப் பறிக்கும் விதத்தைத் துணைத் தலைவர் எழுந்து நடித்துக் காட்டியதில் இரண்டு கோப்பை தே தாரிக் தேநீர் கொட்டியது. செலவு மன்றக் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது.

2015இல் கெடாவை 2-0 என வென்று 33ஆவது முறையாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கினோம். 34ஆவதுக்கு இன்னும் காத்திருக்கிறோம்.

வரும் ஆண்டில் 12 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு நாள் போட்டி நடத்தவும், அதில் சிறந்த கோல் காவலருக்குத் தனிப் பரிசு வழங்கவும் செயலவை பரிந்துரைக்கிறது. பரிசுக்கு யார் பெயரைச் சூட்டுவது என்பதில் மட்டும் விவாதம் தேவைப்படவில்லை. தீர்மானத்தை முன்மொழியவும் வழிமொழியவும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்