காசிமேட்டுக்குப் போட்டோ வாக் வரும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கேமராவோடு சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வருகிறவர்களுக்கும், அந்த நடைகளை ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் ராயபுரத்துக்காரி. என் பெரியம்மாவும் சித்தியும் அங்கே ஏலம் எடுத்து மீன் விற்கிறவர்கள்.

உங்களை வர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, கறுத்த கையோடு நின்ற மீனவர்களைப் படம் பிடித்துப் போட்டவர்களால்தான் அந்தக் கொடுமை வெளியூரில் பலருக்குத் தெரிந்தது. வாருங்கள், எடுங்கள். ஆனால் யாரை எடுத்தீர்களோ அவர் கைக்கு அந்தப் படம் வந்து சேர வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் பெரியவர்களுடைய நல்ல படம் கிடைப்பது கஷ்டம். கல்யாண ஆல்பத்தில் ஓரமாக நிற்கும் ஒரு முகம், ஆதார் அட்டையில் ஒரு முகம், அவ்வளவுதான். யாராவது இறந்துபோனால் அந்த ஆதார் படத்தைத்தான் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாலை போடுகிறார்கள். இருந்த ஆல்பங்களிலும் பல, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023இல் மிக்ஜாம் புயல் மழையிலும் போய்விட்டன. எண்ணூர் பக்கம் வீட்டுக்குள் ஏறிய தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. நனைந்த ஆல்பத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகமே உரிந்து வரும். அதே ஆயாவின் முகம் உங்கள் ஹார்ட் டிஸ்கில் ஒவ்வொரு சுருக்கமும் தெரியப் பத்திரமாக இருக்கிறது. அவர் வீட்டில் இல்லை.

1936இல் அமெரிக்காவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டொரோதியா லாங்கே ஒரு தாயைப் படம் எடுத்தார். இரண்டு குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் தோளில் சாய்ந்திருக்கும் படம், நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படம் வெளியானதும் அந்த முகாமுக்கு உணவு போனது, அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போயிருந்தது. அந்தத் தாயின் பெயர் ஃப்ளோரன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிய 1978 ஆனது. படம் எடுத்தவர் என் பெயரைக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவே இல்லை என்று அப்போது அவர் வருத்தப்பட்டார். அவ்வளவு பெயர் பெற்ற படத்துக்கே இந்தக் கதி.

எடுக்கிற நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட்டிக்கு வாங்கிய பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஏலத்தில் நிற்கிற பெண்ணுக்கு மீனையும் விலையையும் தவிர வேறெதிலும் கவனம் போகக் கூடாது. அந்த நேரத்தில் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு ‘அம்மா, இங்க பாருங்க’ என்றால் அன்றைய வியாபாரமே கெடும். ஏலம் முடிந்து, கூடையை இறக்கி வைத்து, டீ குடிக்கும்போது கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். கூடவே ‘இரு கண்ணு, தல வாரிக்கினு வரேன்’ என்பார்கள். அங்கேதான் உங்களில் பலருக்கு முகம் வாடுகிறது. கலைந்த தலையும் சிரிக்காத முகமும்தான் உங்களுக்கு வேண்டியிருக்கிறது. தயவுசெய்து வாரிக்கொள்ள விடுங்கள். புடவையைச் சரிசெய்துகொண்டு, மூக்குத்தி தெரிய, நேராகப் பார்த்து அவர் எப்படி நிற்க ஆசைப்படுகிறாரோ அப்படி முதலில் ஒன்று எடுங்கள். வீட்டில் மாட்டப்போவது அந்தப் படம்தான். உங்களுக்குப் பிடித்தது அப்புறம்.

படத்துக்குக் கீழே நீங்கள் எழுதுவதையும் நாங்கள் படிக்கிறோம். பெண்கள் என்றால் ‘வறுமை’, பையன்கள் என்றால் ‘ரௌடி’. ஐஸ் உடைக்கிற பையனைக் கறுப்பு வெள்ளையில் இருட்டாக்கி அப்படி ஒரு தலைப்புப் போட்டால், நாளைக்கு அவனுக்கு வேலை கொடுக்க நினைக்கிறவரும் அதைப் பார்ப்பார். அவன் பெயரைக் கேட்டு, போடலாமா என்றும் கேட்டு, அந்தப் பெயரையே போடுங்கள். குழந்தைகளை எடுப்பதென்றால் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

பொது இடம்தானே, எதற்கு அனுமதி என்று சிலர் சொல்கிறீர்கள். எடுப்பது வேறு, எடுத்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பது வேறு. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று, நக்கீரன் பத்திரிகை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994லேயே சொல்லியிருக்கிறது. படத்தை விற்கிறவர்களும் போட்டிக்கு அனுப்புகிறவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், வலையைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்துகொண்டிருப்பார்கள், பேச நேரம் இருக்கும். அடுத்த தடைக்காலத்தில் ஒரு நடையைப் படம் கொடுப்பதற்காக மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். 4க்கு 6 பிரிண்ட் போதும், லேமினேட் செய்திருந்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் போன் மாறும்போது போய்விடும். ஆள் யாரென்று தெரியாவிட்டால் ஐஸ் கடையிலோ டீக்கடையிலோ படத்தைக் காட்டிக் கேளுங்கள், எந்தத் தெரு, யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள். பின்பக்கம் தேதியையும் உங்கள் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து, மீன்காரர் வீட்டுப் பெண்