ஆறு ஆண்டாகத் தேர்தலும் நான்கு ஆண்டாகக் கணக்கும் இல்லாத குடியிருப்புச் சங்கம்: விசாரணை கோரி மனு

அனுப்புநர்
ஓசூரில் 48 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வீட்டு உரிமையாளர்கள் 19 பேர்
(பெயர், கதவு எண், சங்கத்தின் பதிவு எண் ஆகியவை இணைப்புத் தாளில் உள்ளன)

பெறுநர்
மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

நாள்: 16.06.2025

பொருள்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, பிரிவு 36-ன்படி எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயல்பாட்டையும் நிதிநிலையையும் விசாரிக்கவும், நிர்வாகக் குழுத் தேர்தல் நடத்த உத்தரவிடவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கும் 19 பேரும் ஒரே குடியிருப்பில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள். மொத்தம் 48 வீடு. விசாரணை கேட்க உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது சட்டம். அதன்படி 16 பேர் போதும். யாராவது பின்வாங்கினாலும் மனு நிற்க வேண்டும் என்று கூடுதலாக மூன்று பேரைச் சேர்த்திருக்கிறோம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் உள்ள வீட்டுக்கு ஒரு கையெழுத்துதான் எண்ணியிருக்கிறோம். வாடகைக்கு இருப்பவர்களும் போடுகிறோம் என்று முன்வந்தார்கள். உறுப்பினர் அல்லாதவர் கையெழுத்து என்று சொல்லி மனுவையே தள்ளிவிடக் கூடாதே என்று நாங்கள்தான் வேண்டாம் என்றோம்.

யாரையும் திருடன் என்று சொல்ல இதை எழுதவில்லை. கணக்கைக் காட்டுங்கள், தேர்தல் வையுங்கள், தண்ணீரை அடைக்காதீர்கள். மூன்றையும் வாய்விட்டுக் கேட்டோம், எழுதிக் கேட்டோம், பதிவுத் தபாலில் கேட்டோம். பதில் வராததால் தங்களிடம் வந்திருக்கிறோம்.

இதை எழுதும் நான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எதிர்த்தரப்பு சொல்லித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். பாலக்கோடு பக்கத்திலிருந்து சிப்காட்டில் வேலை தேடி ஓசூர் வந்து, பணி ஓய்வுபெற்றபோது வந்த பிஎஃப் பணத்தில் இந்த வீட்டை வாங்கினேன். 2013-ல் பில்டர் குடியிருப்பை ஒப்படைத்து, சங்கம் பதிவானது முதல் 2019 வரை நானே பொருளாளர். 2019 ஜூலைத் தேர்தலில் தோற்றேன். "தோற்ற ஆத்திரத்தில் மனு போடுகிறார்" என்று இப்போது படிக்கட்டில் பேச்சு. என் காலத்துக் கணக்கு ஒன்றும் பிரமாதமாக இருக்கவில்லை. நீளநோட்டில் எழுதினேன், இரண்டு ரசீதைத் தொலைத்து என் கைக்காசைப் போட்டேன். ஆனால் அந்த நோட்டு வாட்ச்மேன் அறை மேஜையில் எப்போதும் கிடக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். விசாரணை என் காலத்தையும் சேர்த்து நடந்தால் எனக்கு மகிழ்ச்சியே.

நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். 2019-ல் வந்த குழு 2022-ல் இறங்கியிருக்க வேண்டும். கொரோனாவைக் காரணம் காட்டி ஓராண்டு தள்ளினார்கள், சரி என்று விட்டோம். அந்தக் காலத்தில் செயலாளர் ஓடி ஓடி வேலை செய்தார் என்பதையும் மறைக்க மாட்டேன். பாசிட்டிவ் வந்த வீடுகளுக்கு வாசல் வரை காய்கறி கொண்டுவந்து வைத்தவர் அவர். அதற்குப் பிறகு 2023-ல் கேட்டால் லிஃப்ட் வேலை முடியட்டும் என்றார். 2024-ல் கேட்டால் நாடாளுமன்றத் தேர்தல் வருகிறது என்றார். நாட்டுக்கே தேர்தல் நடந்து முடிந்துவிட்டது, நாற்பத்தெட்டு வீட்டுக்கு இன்னும் நடக்கவில்லை.

இப்போதைய சண்டை பெயின்டில் ஆரம்பித்தது. 2024 நவம்பரில் ஒவ்வொரு வீட்டுக் கதவிடுக்கிலும் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தார்கள். வெளிச்சுவர் பெயின்ட், மொட்டைமாடி ஒழுக்கு, லிஃப்ட் கயிறு மாற்றம் ஆகியவற்றுக்காக வீட்டுக்கு ரூ. 45,000, அதோடு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக மொத்தம் ரூ. 53,100, ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும் என்று. எங்கள் குடியிருப்பில் தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர் மூன்று தரப்பும் உண்டு. ஓசூரில் அதுதான் இயல்பு. அந்த மூன்றில் ஒன்றிலாவது எழுதியிருக்கலாம். எதிர்வீட்டு ரெட்டி தாத்தா அதைக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்.

ஒழுக்கு இருப்பது உண்மை. நாலாவது மாடிக்காரர்கள் மழைக்காலத்தில் ஹாலில் பக்கெட் வைத்துப் படுக்கிறார்கள். வேலை வேண்டாம் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் சங்கத்தின் பைலாவில் (விதிமுறைகளில்), ரூ. 25,000-க்கு மேல் போகும் எந்தச் செலவுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. நோட்டீஸில் கேட்ட தொகையைக் கூட்டினால் வரி நீங்கலாகவே ரூ. 21,60,000. பொதுக்குழு கூடவில்லை. எத்தனை பேரிடம் கொட்டேஷன் வாங்கினார்கள், எந்த ஒப்பந்தக்காரர், எந்த வேலைக்கு எவ்வளவு, ஒன்றும் தெரியாது. ஜிஎஸ்டி கட்டியவர்களின் ரசீதைப் பார்த்தோம், அதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. பதிவு எண் இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே முடியாது. அது வேறு துறையின் விவகாரம் என்பது தெரியும். சங்கத்தில் பணம் எந்த லட்சணத்தில் கையாளப்படுகிறது என்பதற்காக இங்கே சொல்கிறேன்.

பொதுக்குழு கூட்டினால் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்து, மாத மெயின்டனன்ஸை மட்டும் தவறாமல் கட்டிவந்தோம். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஆறு வீட்டுக்கு 2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த வாரம், திங்கள் காலை தண்ணீர் வரவில்லை. முதலில் மோட்டார் பழுது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. மாடிக்குப் போய்ப் பார்த்தால், எங்கள் வீடுகளுக்கு இறங்கும் பைப்புகளின் வால்வை மூடிக் கம்பி சுற்றிப் பூட்டுப் போட்டிருந்தார்கள். வாட்ச்மேனைக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "சார், என்னைக் கேட்காதீங்க சார்" என்றார்.

ஓசூரின் ஜனவரிக் குளிர் தங்களுக்குத் தெரிந்ததுதான். என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கீழே சம்பிலிருந்து பக்கெட்டில் மொண்டு லிஃப்டில் ஏற்றினேன். இரண்டாம் நாள் "பொதுப் பயன்பாட்டு லிஃப்டில் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது" என்று ஒரு தாள் ஒட்டினார்கள். அதன்பிறகு படிக்கட்டில்தான். ஆறு வீட்டில் ஒன்றில் எட்டு மாதக் குழந்தை. அந்தப் பெண் மூன்றாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கே கிளம்பிவிட்டாள். நாலாம் நாள் மாலை, மற்ற வீட்டுப் பெண்கள் சேர்ந்து போய்ச் சத்தம் போட்ட பிறகு பூட்டு திறந்தது. இன்று வரை வருத்தம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. மாறாக, மே மாதம் வாட்ஸ்அப் குழுவில், பாக்கி வைத்திருப்பவர்களுக்கு "ஜனவரி ஞாபகம் இருக்கட்டும்" என்று ஒரு செய்தி போட்டார்கள். அதன் அச்சுப்படியை இணைத்திருக்கிறேன். அந்தக் குழுவில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும், அதனால் எங்களால் பதில்கூடப் போட முடியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதுவதற்குத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சம்பில் விழுவது பாதி போர்வெல் தண்ணீர், பாதி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். நான் பிறந்த ஊரில் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு. என் பல்லைப் பார்த்தாலே எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அந்தக் கறையோடு வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அதற்காகத்தான் அரசு காவிரியிலிருந்து இத்தனை தூரம் குழாய் போட்டு, 2013-ல் தண்ணீரைத் திறந்துவிட்டது. அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்த தண்ணீரை, என் வீட்டுக்கு மேலே பத்தடி தூரத்தில் ஒரு கம்பியும் பூட்டும் நிறுத்திவிட்டன. பாக்கி இருந்தால் நோட்டீஸ் கொடுக்கட்டும், வழக்குப் போடட்டும். குடிக்கிற தண்ணீரை அடைத்து வசூல் செய்யும் அதிகாரம் எங்கள் பைலாவின் எந்தப் பக்கத்திலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டோம்.

அடுத்தது கணக்கு. சங்கங்கள் ஒவ்வொரு நிதியாண்டும் தணிக்கை செய்த வரவு செலவைத் தங்கள் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நகல் மனு போட்டுப் பார்த்ததில், எங்கள் சங்கம் கடைசியாகத் தாக்கல் செய்தது 2020-21 கணக்கு. அதற்குப் பிந்தைய நான்கு ஆண்டுக்கு ஒன்றுமே இல்லை. வீடு விற்றபோது சதுர அடிக்கு 25 ரூபாய் வீதம் பில்டர் வசூலித்து ஒப்படைத்த மூலநிதி ஏறக்குறைய 12 லட்சம். அதை வங்கியில் மூன்று எஃப்டியாகப் போட்டு, 2019-ல் பொறுப்பை ஒப்படைத்தபோது ரசீது எண்களோடு பட்டியல் எழுதிப் புதிய பொருளாளரிடம் கையெழுத்து வாங்கினேன். அந்தப் பட்டியலின் நகல் இணைப்பில் உள்ளது. இன்று அந்த எஃப்டி இருக்கிறதா, உடைத்தாகிவிட்டதா, யாருக்கும் தெரியாது. இருந்தால், வட்டியோடு சேர்த்து மொட்டைமாடி ஒழுக்கையாவது அதிலேயே அடைத்திருக்கலாம்.

மெயின்டனன்ஸ் ரூ. 1,800-லிருந்து ரூ. 2,500 ஆனதில் நியாயம் இருக்கலாம். 2022 செப்டம்பரில் அடுக்குமாடிகளின் பொது மீட்டருக்குத் தனிக் கட்டணம் வந்து, யூனிட் 8 ரூபாய் ஆனது. அடுத்த ஆண்டு அரசு அதைக் குறைத்தபோது, பத்து வீட்டுக்கு மேல் போகாத, லிஃப்ட் இல்லாத சிறிய குடியிருப்புகளுக்குத்தான் அந்தச் சலுகை கிடைத்தது. நமக்கு இல்லை. கோடையில் டேங்கர் லாரியும் கூப்பிட வேண்டியிருக்கிறது. இதெல்லாம் எங்களுக்கும் புரியும். கரண்ட் பில்லையும் லாரி பில்லையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் பேச்சே முடிந்துவிடும். போர்டில் ஒட்டியிருப்பதோ பணம் கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியல், சிவப்பு மையில்.

இன்னொன்று. தமிழ்நாடு அடுக்குமாடி குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, கடந்த 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி நம் சங்கம் என்ன செய்ய வேண்டும் என்று செயலாளரைக் கேட்டதற்கு, "அதெல்லாம் சென்னைக்கு" என்றார். மாநிலம் முழுவதற்குமான சட்டம் அது. விசாரணையின்போது இதையும் சங்கத்துக்கு எடுத்துச் சொன்னால் நல்லது.

ஆகவே, பிரிவு 36-ன்படி எங்கள் சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை பற்றி விசாரணைக்கு உத்தரவிட வேண்டுகிறோம். 2019 முதல் இன்று வரையிலான வங்கிக் கணக்கு அறிக்கை, எஃப்டி ரசீதுகள், பில்கள், கூட்டப் பதிவேடு ஆகியவற்றைச் சங்கத்திடம் வரவழைத்துப் பார்க்க வேண்டும். உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்து, தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் முன்னிலையில் தேர்தல் நடக்க வழிசெய்ய வேண்டும். பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உரிமையாளர்கள் பெயரில் ஒருவரே கை நிறைய ஓட்டுப் போட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டுகிறோம், 2019-ல் அந்தச் சந்தேகம் இருந்தது. புதிய குழு வந்து பொதுக்குழு முடிவெடுக்கும் வரை ரூ. 53,100 வசூலை நிறுத்திவைக்கவும், எந்தக் காரணத்துக்காகவும் எந்த வீட்டின் தண்ணீரையும் அடைக்கக் கூடாது என்று எழுத்தில் அறிவுறுத்தவும் கேட்டுக்கொள்கிறோம்.

விசாரணைக்கு அழைக்கும்போது ஒரு சலுகை. கையெழுத்திட்டவர்களில் ஏழு பேர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் வந்துவிடுவோம், ஆனால் காலை பத்து மணிக்கு என்றால் சிரமம். பகல் பன்னிரண்டுக்கு மேல் வைத்தால் எல்லாரும் வந்து சேருவோம். விசாரணை அலுவலரே குடியிருப்புக்கு வந்தால் இன்னும் நல்லது. மாடியில் அந்தப் பூட்டும் கம்பியும் வால்வு பக்கத்திலேயே இன்னும் தொங்குகின்றன, நேரில் காட்டுகிறோம்.

மாவட்ட ஆட்சியர் தங்களைக் கேட்டுக்கொண்டாலும் இந்த விசாரணையைத் தொடங்கலாம் என்று அதே பிரிவு சொல்வதால், இம்மனுவின் நகலை இன்றைய திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுக்கிறோம். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை வழங்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வீட்டு உரிமையாளர்கள் 19 பேர்
(கையொப்பங்கள் இணைப்புத் தாளில்)

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கிருஷ்ணகிரி.