எண்ணைக் காட்டாத பேட்டரிப் படம் யாருக்காக?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிய போன் ஒன்று வந்தால் அதன் கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை எம்ஏஎச், என்ன விலை என்று உங்கள் நாளிதழில் விவரமாக வருகிறது, நானும் விடாமல் படிக்கிறேன். ஆனால் அந்தப் பேட்டரியில் இந்த நிமிஷம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் மூலையில் உள்ள சின்னப் படத்தைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மயிலாடுதுறையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "சார்ஜ் நிக்கல", "நாப்பது காட்டிச்சு, பொசுக்குனு ஆஃப் ஆயிடுச்சு", "எண்பதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்று இந்த மூன்று புகாரும் வராத நாளே கிடையாது. இவற்றில் பலவற்றுக்குப் போனைக் கழற்றவே வேண்டியதில்லை. அந்த அடையாளம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் போதும். அது தெரியாததால் ஜனங்கள் பேட்டரியை மாற்றுகிறார்கள், சார்ஜரை மாற்றுகிறார்கள், கடைசியில் போனையே மாற்றுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் கோரிக்கை. எந்த போனாக இருந்தாலும் பெட்டியைப் பிரித்து ஆன் செய்யும்போதே சதவீத எண் தெரிய வேண்டும். இன்றைக்கும் பல போன்கள் வெறும் படத்தோடுதான் வருகின்றன. பாதி நிறைந்த பேட்டரிப் படத்தைப் பார்த்து அது 55-ஆ 38-ஆ என்று யாரால் சொல்ல முடியும்? மெட்ரோ டிக்கெட் போனில், ரயில் டிக்கெட் போனில், மளிகைக் கடைக்குப் பணம் போனில். ராத்திரி கடைசி பஸ்ஸில் தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு, வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை போன் தாங்குமா என்பது அற்ப விஷயம் இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு நிறம் மாறுகிற படத்தால் என்ன பயன்?

பெரிய கம்பெனியே இதில் சறுக்கியிருக்கிறது. 2017-ல் ஐபோன் 10 வந்தபோது திரையின் மேல் விளிம்பில் கேமராவுக்காக ஒரு பள்ளம் விட்டார்கள், அங்கே இடம் இல்லை என்று சதவீத எண்ணை எடுத்துவிட்டார்கள். எண் வேண்டுமென்றால் வலது மூலையிலிருந்து கீழே இழுத்துப் பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து 2022-ல், ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 16-ஆம் பதிப்பில்தான் அது திரும்பி வந்தது, அதுவும் பேட்டரிப் படத்துக்குள்ளேயே. அந்த முதல் பதிப்பில் எண் 30 என்று இருந்தாலும் சுற்றியுள்ள படம் முழுசாக நிறைந்தே தெரிந்தது, பார்த்தவர்கள் குழம்பினார்கள். அடுத்த மாதமே 16.1-ல் எண்ணும் படமும் சேர்ந்து குறைவது போலச் சரிசெய்தார்கள். ஆக, மனசு வைத்தால் முடிகிற காரியம்தான்.

சரி, உங்கள் போனில் எண் தெரியவில்லை என்றால் என்ன செய்வது? ஐபோனில் செட்டிங்ஸ் போய் பேட்டரி என்பதைத் திறந்தால் பேட்டரி பெர்சன்டேஜ் என்று ஒரு பொத்தான் இருக்கும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் அதே பேட்டரி பக்கத்தில்தான். சாம்சங்கில் நோட்டிபிகேஷன்ஸ் உள்ளே அட்வான்ஸ்டு செட்டிங்ஸிலும், ஷாவ்மியில் ஸ்டேட்டஸ் பார் பக்கத்தில் பேட்டரி இண்டிகேட்டர் என்ற பெயரிலும் இருக்கும். எண் படத்துக்குள்ளே வேண்டுமா, பக்கத்தில் வேண்டுமா என்று ஷாவ்மியில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விவோ, ஒப்போ, ரியல்மீ போன்றவற்றில் மாடலுக்கு மாடல் இடம் மாறுவதால், செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் பேட்டரி என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடுவதுதான் சுலபம். பார்வை மங்கிய பெரியவர்களுக்கு அந்த மூலை எண் எப்படியும் சிறிசுதான், அவர்களுக்கு முகப்புத் திரையில் பேட்டரி அளவைப் பெரிதாகக் காட்டும் விட்ஜெட் என்ற கட்டம் ஒன்றை வைத்துக்கொடுங்கள். ஐபோனிலும் சாம்சங்கிலும் அது கூடவே வருகிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பேட்டரியை அழகாகக் காட்டுகிறோம், சார்ஜை மிச்சப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆப்கள் கொட்டிக் கிடக்கின்றன. கடைக்கு வரும் போன்களில் அப்படி இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். ஒவ்வொன்றும் திரை முழுக்க விளம்பரம் காட்டும். மற்ற ஆப்களின் மேல் வரைய அனுமதி கேட்கும், சில அக்சசிபிலிட்டி அனுமதியே கேட்கும். அந்த அனுமதியைக் கொடுத்தால் நீங்கள் திரையில் பார்ப்பதையும் அடிப்பதையும் அந்த ஆப் படிக்க முடியும். ஒரு எண்ணைப் பார்க்க இவ்வளவு கொடுக்க வேண்டுமா?

முன்பு தெரிந்துகொண்டிருந்த எண் திடீரென மறைந்துவிட்டால், முதலில் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்டேட் ஆனபிறகு அந்த அமைப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். திரையின் தோற்றத்தை மாற்றும் தீம் ஏதாவது வெளியிலிருந்து போட்டிருந்தால் பழைய தீமுக்கே திரும்பிப் பாருங்கள், பல நேரம் வில்லன் அதுதான். அப்புறம், படம் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, சார்ஜ் சேமிக்கும் மோட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எண் தெரிகிறது, ஆனால் பொய் சொல்கிறது என்பதுதான் அடுத்த புகார். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லித்தியம் பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று நேரடியாக அளக்க வழியே இல்லை. வோல்டேஜைப் பார்த்துச் சொல்லலாமே என்றால், நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட்டுக்கு மேலே இருப்பது கொஞ்சம் இறங்கிய பிறகு 3.7, 3.8 என்ற அளவிலேயே நீண்ட நேரம் நின்றுவிட்டுக் கடைசியில் சரசரவென்று சரியும். நடுப்பகுதியில் 60-க்கும் 40-க்கும் வித்தியாசம் மிகச் சிறிது. அதனால் போனுக்குள் ஒரு சிறு சிப், உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்த மின்சாரத்தையும் விடாமல் கணக்கு வைக்கிறது. குதிருக்குள் எட்டிப் பார்க்காமல், கொட்டிய மரக்கால் எத்தனை, அள்ளிய மரக்கால் எத்தனை என்று கணக்குப் பார்த்து மிச்சத்தைச் சொல்கிற மாதிரி. பேட்டரி பழசாகும்போது அந்தக் குதிரே சுருங்கிவிடுகிறது. சிப்போ பழைய கொள்ளளவை நினைத்துக்கொண்டு 40 என்று சொல்கிறது, பேட்டரியில் அவ்வளவு இல்லை.

இதோடு இன்னொன்றும் உண்டு. வயசான பேட்டரிக்குள் மின்தடை கூடிவிடும். கேமராவையோ கேமையோ திறந்து போன் சட்டென்று அதிக மின்சாரம் இழுத்தால் வோல்டேஜ் ஒரு நொடி விழும், போன் அணைந்துவிடும். மறுபடி ஆன் செய்தால் 25 என்று காட்டும். வாடிக்கையாளர் நம்மைப் பார்த்து "போர்டு போயிடுச்சாண்ணே?" என்பார். போகவில்லை, பேட்டரி களைத்துவிட்டது, அவ்வளவுதான். ஐபோன் 6, 6எஸ் போன்ற மாடல்களில் இப்படித் திடீரென அணைவதைத் தடுக்கத்தான் ஆப்பிள் சொல்லாமல் கொள்ளாமல் போனின் வேகத்தைக் குறைத்தது, 2017 டிசம்பரில் அது வெளியே வந்து உலகமே சத்தம் போட்டது. அதன் பிறகு 2018-ல் ஐஓஎஸ் 11.3-ல், பேட்டரி எவ்வளவு பழசாகிவிட்டது என்று காட்டும் பேட்டரி ஹெல்த் என்ற பக்கத்தைக் கொடுத்தார்கள். அந்தச் சத்தம் போட்டிருக்காவிட்டால் அந்தப் பக்கம் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

எண் தாவித் தாவிக் குதிக்கிறது என்றால் ஒருமுறை இப்படிச் செய்து பார்க்கலாம். போனை 100 வரை ஏற்றி, தானாக அணையும்வரை பயன்படுத்தி, சிறிது நேரம் விட்டு, இடையில் எடுக்காமல் மறுபடி 100 வரை ஏற்றுங்கள். சிப்புக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் புதிதாகப் பிடிபடும், எண் ஓரளவு ஒழுங்காகும். இதனால் பேட்டரியின் பலம் கூடாது. வாரா வாரம் செய்தால் கெடுதல்தான், லித்தியம் பேட்டரிக்கு அடிவரை காலியாவது ஆகாது. பேட்டரி கணக்குக் கோப்பை அழித்தால் எண் சரியாகும் என்று ரூட் செய்த, அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைத்து உள்ளே முழு அனுமதி எடுத்த போன்காரர்கள் இன்னமும் சொல்கிறார்கள். அந்தக் கோப்புக்கும் மேலே தெரிகிற எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆண்ட்ராய்டை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவரான டயான் ஹாக்போர்ன் எப்போதோ விளக்கிவிட்டார். எந்த ஆப் ஓடி எவ்வளவு சார்ஜ் தின்றது என்ற பட்டியல் மட்டும்தான் அதில் இருக்கிறது.

"எண்பதுக்கு மேல ஏறல" என்பதற்குப் பெரும்பாலும் பழுது காரணமே இல்லை. பேட்டரி நீடிக்க வேண்டும் என்று போனே நிறுத்துகிறது. ஐபோனில் 2019-லிருந்து ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டால் 80-ல் நிறுத்தி, நீங்கள் எழும் நேரத்துக்கு முன்னால் மீதியை ஏற்றும். ஐபோன் 15-லிருந்து 80-லேயே நிறுத்திவைக்கும் வசதியும் வந்தது. சாம்சங்கில் ப்ரொடெக்ட் பேட்டரி என்று இருக்கும், பழைய மாடல்களில் 85-ல் நிற்கும். வெயில் இன்னொரு காரணம். அக்னி நட்சத்திர நாளில் பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, மேப் ஓடவிட்டு, சார்ஜும் போட்டால் அது கொதிக்காமல் என்ன செய்யும்? சூடு தணியும்வரை சார்ஜ் நின்றே இருக்கும். இந்த விவரம் தெரியாமல் ஒருவர் இரண்டு சார்ஜர் வாங்கிவிட்டு மூன்றாவதாக என்னிடம் வந்தார். செட்டிங்ஸில் 80-ல் நிறுத்தும் அந்த ஒரு பொத்தானைக் காட்டி அனுப்பினேன்.

மின்னல் குறி தெரிகிறது, எண் மட்டும் குறைகிறது என்றால் உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகம் என்று பொருள். கேபிளை மாற்றிப் பாருங்கள், சார்ஜ் குத்தும் ஓட்டையில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஊசியை விட்டுக் குடையாதீர்கள். போனின் பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தாலோ திரை விளிம்பில் இடைவெளி தெரிந்தாலோ எண் என்ன காட்டினாலும் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறது, அழுத்தவோ குத்தவோ கூடாது, நேராக சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

இனி அரசாங்கத்தின் காதில் விழ வேண்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20-லிருந்து விற்கிற போன்களின் பேட்டரி 800 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். பேட்டரி எப்போது தயாரானது, எத்தனை சுற்று ஓடியது, இப்போது எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்பதையும் பயனர் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று விதி. நம் ஊரில் விற்கும் பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்தப் பக்கமே கிடையாது. போன் நம்பர் அடிக்கும் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்தால் சில போன்களில் பேட்டரி விவரம் வரும், பலவற்றில் அதுவும் வராது. பழைய போன் வாங்குகிறவர் எதை நம்பி வாங்குவார்? கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்காகக் கையில் உள்ளதைப் புரட்டிப் பழைய போன் வாங்கித் தரும் பெற்றோரை நான் தினமும் பார்க்கிறேன். விற்பவர் வாய்ச்சொல்லைத் தவிர அவர்களுக்கு வேறு ஆதாரம் இல்லை.

நம் நுகர்வோர் விவகாரத் துறை பொருள்களை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்காக 2024-ல் ஒரு குழு அமைத்து, அதன் அறிக்கையும் 2025 மே மாதம் வந்துவிட்டது. செல்போனும் அதில் இருக்கிறது. உதிரிபாகம் கிடைக்கிறதா, கழற்ற முடிகிறதா என்பதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு, நல்லதுதான். அதோடு பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பயனருக்குக் காட்டுகிறதா என்பதையும் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். அந்த சிப் ஏற்கெனவே போனுக்குள் இருக்கிறது, கணக்கும் அதில் இருக்கிறது, திரையில் காட்டுவதற்குக் கம்பெனிக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. வாரண்டி காலத்துக்குள்ளேயே பேட்டரி படுத்து, கம்பெனி சர்வீஸில் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போடலாம் என்பதையும் வாசகர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதிய போன் பற்றி எழுதும்போது எம்ஏஎச் கணக்கோடு, பேட்டரி ஹெல்த் பக்கம் இருக்கிறதா, சதவீத எண் ஆரம்பத்திலேயே தெரிகிறதா, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்ற மூன்று வரியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுபார்க்கும் வாசகர்,
மயிலாடுதுறை.