வீரியம் கடையிலும் இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஃப்ளூ தடுப்பூசியின் வீரியத்தைச் சோதிக்கும் முறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆட்டு எதிர்ப்பொருள் கலந்த ஜெல்லில் சிறு குழி போட்டு மருந்தை விடுவது, அது பரவி வளையமாக நிற்பது, வளையத்தை அளந்து ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் ஹீமக்ளூட்டினின் (வைரஸின் மேல்பரப்பில் உள்ள புரதம்) இருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் நன்றாகவே புரிந்தது. ஆனால் "சோதனையில் தேறிய ஊசியின் வீரியம் பற்றி யாரும் சந்தேகப்படத் தேவையில்லை" என்று முடித்துவிட்டீர்களே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் 31 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். ஒவ்வொரு புதன்கிழமையும் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்திருக்கிறேன். ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வியர்க்க விட்டு, ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் அசைய வேண்டும். அதற்கப்புறம்தான் பெட்டிக்குள் வைப்போம். உறைந்தாலும் மருந்து கெடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? போன வருஷம் மருந்துக் குப்பியை ஐஸ் கட்டிமேல் படுக்க வைத்த படத்தை நீங்களே அச்சிட்டீர்கள். அதைச் சொல்லி எழுதிய என் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

என் கணவருக்கு நுரையீரல் கோளாறு. ஃப்ளூ ஊசி இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லாததால் ஐப்பசியில் காசு கொடுத்து வாங்கப் போனேன். கடைப் பையன் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில், தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவிலிருந்து எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டினான். முந்தின ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. தெர்மாமீட்டர் எங்கே தம்பி என்றேன். "கம்பெனியிலேயே டெஸ்ட் பண்ணித்தான்மா வருது" என்றான். உங்கள் கட்டுரையும் அதையேதான் சொல்கிறது. சொட்டு மருந்துக் குப்பியில் சூடு பட்டால் கருக்கும் கட்டம் ஒன்று இருக்கும். இந்த ஊசியில் அதுவும் இல்லை. எதைப் பார்த்து நான் நம்புவது? வாங்காமல் திரும்பிவிட்டேன். தஞ்சாவூர் போய் அவருக்குப் போட்டு வர இன்னும் ஒரு வாரமாயிற்று. அந்த வாரம் முழுக்க மழை, அவருக்கு இருமல்.

டெல்டாவில் அடைமழையோடுதான் காய்ச்சலும் வரும், கரண்ட்டும் அப்போதுதான் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப 22 நாள் ஆனது. அப்போது மருந்துக்கடைக் குளிர்பெட்டிகளில் இருந்த ஊசிகள் என்ன ஆயின என்று ஒரு பத்திரிகையாவது கேட்டதா? தென்னை விழுந்த படம் பக்கம் பக்கமாக வந்தது. நானும் அதைப் பார்த்து அழுதேன். ஆனால் இதையும் கேட்டிருக்கலாம்.

ஆய்வகத்தை நான் குறை சொல்லவில்லை. அங்கே பார்த்தது அன்றைய வீரியம். அதன்பின் கடைவரைக்கும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் அது நிற்கும். அடுத்த இதழில் இதை நாலு வரியில் போடுங்கள். கடையில் தெர்மாமீட்டரைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்பதையும் சேருங்கள். புரட்டாசி முடிவதற்குள் வந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்